கூடைக்கு எவ்வளவு

உணவு எங்கிருந்து வருகிறது என்பதைப் படங்களால் சொல்வது ஒளிப்பட இதழியல் மாணவர்கள் விரும்பி எடுக்கும் பொருள். முதல் பார்வைக்கு எளிதாகவே தோன்றும். வயலும் தோப்பும் கடற்கரையும் கேமராவுக்கு நன்றாகவே அமையும். விடியற்காலை வெளிச்சத்தில் எந்த அறுவடையும் அழகுதான். ஆனால் வயலைக் காட்டிவிட்டால் பாதி விடைதான் கிடைக்கிறது. தக்காளி மண்ணில் விளைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரோ ஒருவர் குனிந்து பறித்திருக்கிறார், பறித்ததற்கு ஏதோ ஒரு கூலி வாங்கியிருக்கிறார் என்பது சாப்பிடும்போது யார் நினைவுக்கும் வருவதில்லை. அந்த ஆளும் அந்தக் கூலியும் இல்லாத படத்தொகுப்பு, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதாகாது.

உழைக்கும் ஆளையும் கூலியையும் சேர்த்துப் பதிவுசெய்ததில் முன்னோடி லூயிஸ் ஹைன். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த அவரை, 1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு புகைப்படக்காரராக அமர்த்தியது. அடுத்த பத்தாண்டுகளில் அவர் நூற்பாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போனதைப் பலரும் அறிவார்கள். உணவுத் தொழிலுக்குள் அவர் போன தூரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1911-இல் மிசிசிப்பி கடற்கரையில், சிப்பியை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் கொட்டகைகளில் சிறுமிகள் நின்றிருந்தார்கள். பால்டிமோர் நகரிலிருந்து பருவத்துக்குப் பருவம் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்களில் பலர். வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அதே ஆண்டு மெய்ன் மாநிலத்தின் ஈஸ்ட்போர்ட்டில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் பிள்ளைகள் பெரிய கத்திகளோடு மீன் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட விரலை நீட்டிக் காட்டும் சிறுவனைக்கூட ஹைன் படமெடுத்திருக்கிறார்.

பல இடங்களில் முதலாளிகள் அவரை உள்ளே விடவில்லை. வேறு ஏதோ வேலையாக வந்தவர் போலச் சொல்லிக்கொண்டு நுழைந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதினார். தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்து, பக்கத்தில் நிற்கும் குழந்தை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். அவருடைய படங்களின் வலிமையில் பாதி இந்தக் குறிப்புகளில் இருக்கிறது: குழந்தையின் பெயர், வயது, எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறது, எவ்வளவு கூலி. பரிதாபத்தைப் படம் எழுப்பலாம். மறுக்க முடியாத சாட்சியமாக அதை ஆக்குவது குறிப்புதான்.

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1938-இல் அமெரிக்காவில் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் வந்தது. ஆலைகளில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்கு அது கடிவாளமிட்டது. பண்ணைகளை அது அப்படி நடத்தவில்லை. விவசாயத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைப்பதற்கு 1966-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி நேரம் போக, பெற்றோர் சம்மதத்தோடு 12 வயதுப் பிள்ளை பண்ணையில் கூலிவேலை செய்யலாம் என்ற விதி இன்றும் இருக்கிறது. ஆலைக்குச் சுவர் உண்டு, வாசல் உண்டு, போய்ப் பார்க்க ஒரு முகவரி உண்டு. வயல் திறந்து கிடக்கிறது. ஆனாலும் அங்கே நடப்பது கண்ணில் படுவதே இல்லை. உணவைப் பற்றிப் படமெடுக்க வரும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய முரண் இது.

அந்த வயலிலிருந்து வந்த படங்களில் மிகப் புகழ்பெற்றது, டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்'. பட்டாணி பறிக்க வந்தவர்கள், விளைச்சல் குளிரில் கருகியதால் வேலையின்றிக் கூடாரங்களில் பட்டினி கிடந்தார்கள். படங்கள் சான்பிரான்சிஸ்கோ செய்தித்தாளில் வந்ததும் அரசு சுமார் 20,000 பவுண்டு உணவுப்பொருளை முகாமுக்கு அனுப்பியது. படத்திலிருந்த தாயும் பிள்ளைகளும் அதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தார்கள். லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி இனத்தவர் என்பதும் அதன் பிறகே உலகுக்குத் தெரிந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார் என்று லாங்கே பின்னாளில் எழுதியதைக் குடும்பத்தினர் மறுத்தார்கள். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்பது தாம்சனின் நெடுநாள் வருத்தம். அரசுக்காக எடுத்த படம் என்பதால் லாங்கேவுக்கும் அதிலிருந்து உரிமைத்தொகை கிடையாது. இவற்றால் படத்தின் பெருமை குறைந்துவிடாது. எத்தனையோ பேருக்குச் சோறு போக அது வழிசெய்தது. இருந்தாலும் நாற்பது ஆண்டுகள் ஒரு பெண்ணின் முகம் உலகமெங்கும் சுற்றிவர, அவர் சொல்ல நினைத்தது சுற்றவே இல்லை. அந்தக் குறையை மாணவர்கள் சிறிய பிழையாக எண்ணிவிடக் கூடாது. பெயரைக் கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

அறுவடையைப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம், எடை போடும் இடம். பறிக்கும் கை அழகாக விழும், குனிந்த முதுகு மனதைத் தொடும். தராசின் முன்னால் நிற்கும் முகத்தை யாரும் தேடிப்போவதில்லை. விளைச்சல் விலையாக மாறுவது அங்கேதான். புளோரிடாவின் இம்மோக்கலியில் தக்காளி பறிப்பவர்கள் 32 பவுண்டு வாளியைத் தோளில் சுமந்து லாரிக்கு ஓடினார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஒரு வாளிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 45 முதல் 50 சென்ட். 1993-இல் அங்கே உருவான இம்மோக்கலித் தொழிலாளர் கூட்டமைப்பு கேட்டது பவுண்டுக்கு ஒரே ஒரு சென்ட் கூடுதலாக. அதைப் பண்ணை முதலாளியிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல், தக்காளியை மொத்தமாக வாங்கும் பெரிய உணவகங்களிடம் கேட்டார்கள். டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கும் இயக்கம் 2001-இல் தொடங்கியது. 2005-இல் அந்த நிறுவனம் இணங்கியது. ஒரு சென்ட் என்று கேட்கும்போது அற்பமாகத் தெரிவது, வாளிக்கணக்கில் 50 சென்ட்டை 82 சென்ட்டாக ஆக்குகிறது.

உண்பவர்களின் மனசாட்சிக்கு இந்தக் கணக்கில் ஒரு தெளிவு இருக்கிறது. பறிப்பவரின் துன்பத்தைப் படத்தில் பார்த்தவர் தக்காளியையே ஒதுக்கிவிட்டால், பறிப்பவருக்கு அந்தக் கூலியும் போய்விடும். பார்த்து வருந்திவிட்டு மறந்தால் எதுவும் மாறாது. இம்மோக்கலிக்காரர்கள் இரண்டையும் கேட்கவில்லை. தங்கள் வேலைக்குச் சரியான விலையை யார் தர வேண்டுமோ அவர்களைத் தரச்செய்ய, சாப்பிடுபவர்கள் தங்களோடு நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். பார்வையாளருக்குக் குற்றவுணர்வை மட்டும் கொடுத்து அனுப்பும் படத்தொகுப்பைவிட, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லும் படத்தொகுப்பு பல மடங்கு பயனுள்ளது.

எல்லா வாசலும் திறப்பதில்லை. அனுமதியின்றிப் பண்ணைகளுக்குள் படமெடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை கன்சாஸ் மாநிலம் 1990-லேயே இயற்றியது. யூட்டா 2012-இல் கொண்டுவந்த இப்படியொரு சட்டத்தை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2017-இல் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2013-இல் ஜார்ஜ் ஸ்டைன்மெட்ஸ், நேஷனல் ஜியாக்ரபிக் இதழின் உணவுத் தொடருக்காக, கன்சாஸில் மாடுகளைக் கொழுக்கவைக்கும் பெரும்பட்டி ஒன்றின் மேல் பாராகிளைடரில் பறந்து படமெடுத்தார். இறங்கியதும் அத்துமீறல் குற்றச்சாட்டில் கைதானார். வானத்திலிருந்து எடுத்த அவருடைய படங்கள் இன்றைய உணவுத்தொழிலின் அளவை வேறெதையும்விட நன்றாகச் சொல்கின்றன. அந்த உயரத்திலிருந்து கூலி தெரியாது. எனவே அளவைக் காட்டும் படமும் ஆளைக் காட்டும் படமும் ஒன்றையொன்று தேடுகின்றன. ஒரே திட்டத்தில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

இந்தியாவில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருவது பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி எனும் ஊரக இந்தியாவின் மக்கள் காப்பகம். அதன் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமார், 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும்கூட. தூத்துக்குடி உப்பளங்களில் கண்ணைக் கூசவைக்கும் வெயிலில் உப்பு வாரும் பெண்களையும், கடலடியில் பாசி எடுக்கும் பெண்களையும் அவர் படமெடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு. கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மழைக்காலத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே வருகிறது. மதுரையில் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தன் அம்மாவையும் அவர் படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்திருக்கிறார். உணவு வரும் வழியில் நின்ற ஒரு தாயின் மகன், அதே வழியைப் படமெடுக்க வந்திருக்கிறார். வெளியிலிருந்து வருபவர் பல மாதம் பழகித் தெரிந்துகொள்வது, கூடை எவ்வளவு கனம் என்பது உட்பட, அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் ஒளிப்படம் கற்றுக்கொடுப்பதும் இதன் தொடர்ச்சியே.

வெளியிலிருந்து வரும் மாணவருக்கு அந்த வசதி இருக்காது; அதற்கு ஈடாக அவரிடம் இருப்பது நேரம். ஒரே ஒரு பொருளை, உப்போ அரிசியோ மீனோ, எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் சந்தை வரை ஒரு பருவம் முழுக்கக் கூடவே போகலாம். வேலையில்லாத மாதங்களிலும் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் உப்பளத்துப் பெண்ணின் வாழ்க்கை உப்பு விளையும் மாதங்களோடு முடிவதில்லை. எடுத்த படங்களைக் கல்லூரிச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால், அவற்றில் இருப்பவர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, எழுதிய குறிப்புகளைப் படித்துச் சொல்லி, தவறென்று அவர்கள் சொல்வதைத் திருத்தி, ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு வரலாம்.