பழைய பட்டும் புதிய வினையும்

பிறர் உடுத்திய ஆடையை விலைக்கு வாங்கி உடுத்துதல் முன்னாளில் வறியோர் செயலாகக் கருதப்பட்டது. இன்று அதுவே நாகரிகமாகியுள்ளது. பழைய துணிக்குப் பாத்திரம் தரும் வணிகர் நம் தெருக்களுக்குப் புதியவர் அல்லர். இந்நாளில் உடுத்திய ஆடைகளைத் தூய்மை செய்து மறுவிற்பனை செய்யும் கடைகளும் தோன்றியுள்ளன. கைப்பேசி வழியாகவும் இவ்வாணிகம் நடைபெறுகின்றது. அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில், மேலைநாட்டார் கழித்த கம்பளி ஆடைகள் கிழிக்கப்பட்டு, மீண்டும் நூலாகிப் போர்வைகளாகின்றன.

இது பெரும்பாலும் நற்செயலே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நாடிப் பல மாநிலத்தவரும் வந்து தங்கும் மணிமங்கலப் பகுதியில் வாழும் நாம் இதன் பயனை எளிதில் உணரலாம். வாடகை அறையில் சிக்கனமாக வாழும் இளைஞர்க்கு நல்ல பருத்திச் சட்டை பாதி விலையில் கிடைப்பது பேருதவியன்றோ? விற்பவர் கிழிசலையும் கறையையும் மறையாது சொல்லிவிடின் அதில் குற்றமில்லை.

ஐயம் எழுவது பட்டில்தான். கூட்டினுள் உயிரோடிருக்கும் புழுவை நீராவியாலோ வெந்நீராலோ கொன்ற பின்னரே அறுபடாத பட்டிழை எடுக்கப்படுகின்றது. ஒரு கிலோ நூலுக்குப் பல்லாயிரம் கூடுகள் வேண்டும். இதனை அறிந்து புதுப்பட்டைத் துறந்த குடும்பத்தினரும், "பழைய பட்டை வாங்கினால் என்ன? புழு முன்னரே இறந்துவிட்டதே" என வினவுகின்றனர். வினா நியாயமானதே, விடையும் நியாயமாக இருத்தல் வேண்டும்.

கள்வர் கொணர்ந்த பொருளை வாங்குதலும் கள்ளாமை விரதத்திற்கு வழு எனத் தத்வார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. வாங்கியவர் திருடவில்லை, களவும் முன்னரே முடிந்துவிட்டது. ஆயினும் அவர் தரும் பணம் அடுத்த களவிற்கு ஊக்கமாகின்றது. பட்டினையும் இவ்வாறே எண்ணிப் பார்ப்போம். காஞ்சிபுரத்து நற்சரிகையில் வெள்ளி உண்டு; ஆதலின் நைந்த புடவைக்கும் விலை உண்டு. பழையதற்குப் பணம் கிடைக்கும் என்னும் உறுதியே புதியது வாங்குவோரின் தயக்கத்தைப் போக்குகின்றது. விற்ற பணமும் பலவேளை புதுப்பட்டிற்கே செல்கின்றது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகையாலும் வந்து சேரும் என்பது நாம் கற்ற பாடம். பழைய பட்டை வாங்குபவர் கொல்லவில்லை. ஆனால் அவர் தந்த பணம் செய்வித்தலுக்குத் துணையாகலாம். மணப்பந்தலில் அதனை உடுத்தி, "எங்கே வாங்கினீர்கள்?" என்று பிறர் வியந்து கேட்க மகிழ்வதோ உடன்படுதல் ஆகும். புதியது வாங்குவதினும் இது சிறிய வழு என்பதை மறுக்கமாட்டோம். சிறிய வழுவும் வழுவே.

அன்னை விட்டுச் சென்ற புடவையின் நிலை வேறு. அங்கே விலையில்லை, புதிய உயிர்க்கொலைக்குத் தூண்டுதலும் இல்லை. அதனை நையும்வரை பயன்படுத்துவோர் மீது பழி கூறோம். விற்க நேரின் அப்பணம் மீண்டும் பட்டுக்கடைக்குச் செல்லாதிருக்கட்டும். ஓர் ஏழை மாணவியின் கல்விக்குச் செல்லட்டும்.

ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றம் தன் பெயரிலேயே பருத்தியைக் கொண்டுள்ளது. நம் இல்லத் திருமணங்களில் மணமகள் நல்ல கைத்தறிப் பருத்தி உடுத்தி அமர்வதைக் குறைவு என எண்ணாதிருப்போமாக. அதற்கான துணிவு பெண்ணிடம் இல்லாவிடினும் பெற்றோரிடம் இருத்தல் வேண்டும்.