கட்டும் கட்டுப்பாடும்

நாயின் காலில் புண். மருத்துவர் அதனைத் தூய்மை செய்து, தையலிட்டு, மருந்து வைத்துக் கட்டி அனுப்புகிறார். வீட்டுக்கு வந்த நாய் ஒரு மூலையில் படுத்து, அந்தக் கட்டைப் பல்லால் பற்றி இழுக்கத் தொடங்குகிறது. வளர்ப்பவர் அதட்டுகிறார். நாய் நிறுத்துகிறது. அவர் முகத்தைத் திருப்பியதும் மீண்டும் தொடங்குகிறது. நாய் வளர்ப்போர் பலரும் கண்ட காட்சி இது. இதில் சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஓர் உயிரின் நன்மைக்காக, அவ்வுயிரின் விருப்பத்துக்கு மாறாக, அதனைத் தடுத்துவைக்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டெனில், அவ்வுரிமையின் எல்லை யாது? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. அந்தச் சிறிய துணிக்கட்டிலும் அதுவே முடிச்சாக விழுந்திருக்கிறது.

முதலில் நாயின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். புண்ணை நக்குவது வெறும் மூடப் பழக்கம் அன்று. நாய் ஓநாயின் வழிவந்த விலங்கு. காட்டில் வாழ்ந்த அதன் முன்னோருக்கு மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. புண்ணைக் கழுவும் நீரும், துடைக்கும் துணியும் நாக்கு ஒன்றே. மண்ணையும் அழுக்கையும் நக்கி அகற்றிய விலங்கு பிழைத்திருக்க வாய்ப்பு மிகுதி. நாயின் உமிழ்நீருக்குச் சிலவகைக் கிருமிகளை ஓரளவு அழிக்கும் ஆற்றல் உண்டென்று 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வும் காட்டியது. ஆதலால், கட்டை அவிழ்க்க முயலும் நாய் நன்றி கெட்டதும் அன்று, முரடும் அன்று. தன் இனம் வழிவழியாகப் பெற்ற மருத்துவத்தையே அது செய்கிறது. அதன் நோக்கில், காலைச் சுற்றியுள்ள துணிதான் அம்மருத்துவத்துக்கு இடையூறு.

ஆயினும், காட்டில் உதவிய அறிவு தையலிட்ட புண்ணுக்கு உதவுவதில்லை. நாக்கு ஓயாது உரசுவதால் புதிதாகக் கூடிவரும் தோல் பிரிகிறது. பல் பட்டால் தையல் அறுகிறது. உமிழ்நீரில் கிருமியை அழிக்கும் ஆற்றல் சிறிது இருப்பினும், வாயில் வாழும் கிருமிகளோ பல; அவை திறந்த புண்ணுக்குள் புகுகின்றன. நனைந்த கட்டு, வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் எளிதில் காய்வதில்லை. அதன் அடியில் தோல் ஊறி வெளுத்து, சீழ் பிடிக்க இடமாகிறது. கட்டுத்துணியை நாய் விழுங்கிவிட்டாலோ, அது குடலை அடைத்து, மற்றோர் அறுவைக்கு வழிவகுக்கவும் கூடும். பெரும்பாலும் 10 முதல் 14 நாள்களில் தையலைப் பிரித்துவிடலாம். அதுவரை பொறுத்திருந்தால் போதும். ஆனால், அந்தச் செய்தியை நாய்க்கு எந்த மொழியில் சொல்வது?

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அறிவுள்ள ஒருவனிடம் காரணம் கூறலாம். கேட்டபின் அவன் தானே பொறுத்துக்கொள்வான். ஒருவனுடைய நன்மை என்பது மட்டுமே அவனை வற்புறுத்துவதற்குப் போதிய காரணம் ஆகாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில், சுதந்திரத்தைப் பற்றி 1859இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆயினும், அக்கொள்கை அறிவு முதிர்ந்தோர்க்கே உரியதென்றும், பிறர் பேணுதலை இன்னும் வேண்டிநிற்கும் குழந்தைகளுக்குப் பொருந்தாது என்றும் அவரே வரம்பிட்டார். குழந்தைக்கே பொருந்தாதது நாய்க்கு எவ்வாறு பொருந்தும்? எனவே, தடுக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. கண்ணெதிரே தையல் அறுவதைப் பார்த்துக்கொண்டு, "அதன் விருப்பம்" என்று இருப்பவர் அன்புடையவர் ஆகார், பொறுப்பற்றவரே ஆவார்.

உரிமை உண்டு என்று கண்டோம். அதனோடு வரும் கடமை யாது? திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. நோயுற்றவனும் மருத்துவத்தில் ஒரு பங்காளி என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. எங்கே வலிக்கிறது என்று சொல்வதும், மருத்துவர் சொன்னதைக் கடைப்பிடிப்பதும் அவன் பங்கு. நாயால் இவ்விரண்டையும் செய்ய இயலாது. அவ்வாறாயின் அதன் பங்கை யார் செய்வது? உடனிருந்து பேணுபவரே செய்தல் வேண்டும். நோயாளிக்குப் பேச்சு இல்லாதபோது பேணுபவருக்கு இரண்டு பங்கு வேலை.

அவ்வேலையின் முதற்பகுதி, தடுக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது. சிலர் அடித்துத் திருத்த முயல்வர். அடி வாங்கிய நாய் நக்குவதை விடுவதில்லை. அடிப்பவர் முன்னிலையில் நக்குவதையே விடுகிறது. ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் வேலையை முடிக்கிறது. கட்டின் மேற்புறத்தில் கசப்பு மருந்து தெளிப்பதும் உண்டு. சில நாய்கள் அதற்கு அஞ்சி விலகும். சில நாய்கள் கசப்பையும் பொருட்படுத்தாமல் கடிக்கும். அம்மருந்து திறந்த புண்ணில் படலாகாது. பெரும்பாலான மருத்துவர்கள் தருவது கழுத்தில் மாட்டும் கூம்பு. இங்கிலாந்தை 1558 முதல் 1603 வரை ஆண்ட முதலாம் எலிசபெத் அரசியின் காலத்துச் செல்வர்கள் அணிந்த அகன்ற கழுத்துப்பட்டையை ஒத்திருப்பதால், அதற்கு 'எலிசபெத் காலர்' என்று பெயர். மனிதர் பெருமைக்காக அணிந்தது நாயின் கழுத்தில் தடையாக ஏறியிருக்கிறது.

கூம்பு பயன் தருவது. ஆனால் துன்பமும் தருவது. அதை அணிந்த நாய் கதவிலும் நாற்காலியிலும் முட்டிக்கொள்கிறது. பக்கவாட்டுப் பார்வை மறைகிறது. தண்ணீர்க் கிண்ணத்தை அணுகவும் முடிவதில்லை. ஆகவே, நோக்கம் நிறைவேறும் வழிகளுள் துன்பம் குறைந்ததைத் தேர்வதே அறம். மென்துணியால் ஆன கூம்பு போதுமாயின் வன்மையானது எதற்கு? உடலில் உள்ள புண்ணுக்கு உடலைப் போர்த்தும் உடை போதுமாயின் கூம்பே எதற்கு? வேறு வழியில்லையெனில் கூம்பை மாட்டலாம். அப்பொழுதும், மூக்கின் நுனியைத் தாண்டும் நீளம் உள்ளதா, கழுத்துக்கும் பட்டைக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிறதா, உண்ணவும் பருகவும் இயல்கிறதா என்று பார்த்தல் வேண்டும். உணவு நேரத்தில் அருகில் அமர்ந்து சற்றுக் கழற்றிவிடலாம். ஒரு கருவியை மாட்டிவிட்டு அகல்வது எளிது. அதனால் விளையும் துன்பத்துக்கும் பொறுப்பேற்பதே அரிது.

இரண்டாம் பகுதி இன்னும் இன்றியமையாதது. நாய் கட்டைக் கடிப்பது எப்பொழுதும் பழக்கத்தால் மட்டும் அன்று. கட்டு மிக இறுகியிருக்கலாம். விரல்கள் வீங்கிக் குளிர்ந்திருக்கலாம். உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். சீழ் கட்டித் துர்நாற்றம் எழலாம். இரண்டு நாள் அமைதியாகக் கிடந்த நாய் மூன்றாம் நாள் திடீரென்று கட்டைக் கடிக்கிறது என்று கொள்வோம். அது அடங்காமை அன்று, அது முறையீடு. "இங்கே வலிக்கிறது" என்று சொல்ல அதற்குள்ள மொழி பல் ஒன்றே. அந்நிலையில் கட்டைப் பாராமல் கூம்பை மட்டும் மாட்டினால், நாம் செய்தது என்ன? நோயைத் தடுக்கவில்லை, முறையீட்டைத் தடுத்தோம். வெளியே கட்டு ஒழுங்காக இருக்கும். உள்ளே கால் அழுகும். இறுகிய கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டுக் காலையே இழக்க நேரிடுவதும் உண்டு.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. ஓர் உயிரின் நன்மைக்காக அதன் உரிமையைப் பறிப்பவர், பறித்த அளவுக்கு அதனைக் கூர்ந்து நோக்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். கட்டாத நாயைக் காட்டிலும் கட்டிய நாய்க்கே நம் கண் மிகுதியாக வேண்டும். தடுப்பதற்கு முன்னும் பார்க்க வேண்டும். தடுத்த பின்னும் நாள்தோறும் பார்க்க வேண்டும். அவிழ்க்கும் நாளையும் மறத்தலாகாது. புண் ஆறிய பின்னும் நம் வசதிக்காகத் தொடரும் கூம்பு மருத்துவம் அன்று, அது தண்டனை.

இது நாய்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. நினைவு தடுமாறிய முதியோர், உடலில் செருகிய குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டிவைப்பதுண்டு. ஒரு குழாய் உறுத்துவதை எடுத்துச் சொல்ல இயலாத முதியவரின் கை, நாயின் பல் பேசும் மொழியையே பேசக்கூடும். வகுப்பறையிலும் இதனைக் காணலாம். மாணவனைப் பல விதிகளால் கட்டுகிறோம். விதிகள் தேவையானவை, அவை இல்லாமல் கல்வி இல்லை. ஆனால், நேற்றுவரை அடங்கியிருந்த மாணவன் இன்று முரண்டு பிடித்தால், முதலில் தண்டனையைத் தேடும் ஆசிரியர் கட்டைப் பாராமல் கூம்பை மாட்டுபவர் ஆவார். அவன் எதிர்ப்பது கல்வியையா, எங்கோ இறுகிவிட்ட ஒரு முடிச்சையா என்று பார்ப்பவரே நல்லாசிரியர்.

நாய்க்கும் மாணவனுக்கும் வேறுபாடு இல்லையா? உண்டு. மாணவனுக்குக் காரணம் கூறலாம். ஆதலால் கூற வேண்டும். நாய்க்குக் கூற இயலாதென்பது மெய். மாணவனுக்குக் கூற இயன்றும் கூறாமல் விடுவது அவனை நாயின் நிலைக்குத் தாழ்த்துவதாகும். மற்றொன்றும் உண்டு. பிள்ளைகளைக் கண்டிக்கும்போது, "பின்னாளில் நன்றி கூறுவாய்" என்று சொல்லி நம் மனத்தை ஆற்றிக்கொள்கிறோம். அந்த நன்றியை எதிர்பார்த்து, இன்றைய கடுமைக்குக் கணக்குப் பார்க்காமல் விடுகிறோம். நாயோ அந்தக் கூம்பு எதற்கு என்று என்றுமே அறியப்போவதில்லை. அதனிடம் நாம் நடந்துகொள்ளும் முறைக்குப் பின்னாளில் சான்று கூறுவார் எவரும் இல்லை. இன்று நாம் காட்டும் பரிவு ஒன்றே நம் செயலின் நியாயம்.

தமிழில் புண்ணுக்கு இடுவதும் கட்டு. கைதியைப் பிணிப்பதும் கட்டு. சொல் ஒன்றே. துணியையோ கயிற்றையோ கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்தல் இயலாது. கட்டியவர் மறுநாளும் வந்து, குனிந்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாரா என்பதைக் கொண்டே அதனை அறிதல் வேண்டும்.