அப்பா என்ன செய்றார்?

பல கல்லூரிகளில் முதல் வகுப்பில் பாடம் நடக்காது. "ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேரு, ஊரு, அப்பா என்ன செய்றாருன்னு சொல்லுங்க" என்பார் ஆசிரியர். ஊரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று அடுத்த கேள்வி. சில நாள் கழித்து, "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்க." அதோடு அறிமுகம் முடிந்தது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதும் முடிவாகிவிடும்.

அப்பா பறையடிக்கிறார், அம்மா தெருக்கூட்டுகிறார். "விவசாயம் சார்" என்று சொல்லிவிட்டு உட்காருகிற பிள்ளை பொய் சொல்கிறதா? "பெத்தவங்க தொழிலுக்கு வெக்கப்படலாமா?" என்று நம்மிலேயே சிலர் கோபிக்கிறார்கள். உண்மை சொல்லும் கடமை, கேட்க உரிமை உள்ளவரிடம்தான் உண்டு. பதிலை வைத்து ஆளைத் தரம் பிரிக்கப் போகிறவருக்கு அந்த உரிமை ஏது? நம் அடையாளத்தை உரக்கச் சொல்வது பெருமைதான். எப்போது, யாரிடம் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

வகுப்பில் மாணவர் சாதியை வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அறிவிப்பதையும், ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவதையும் தடுக்கச் சொல்லி 2012-லேயே பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டது. "காலனியா?" என்பது அந்த மறைமுகம்தானே?

முதல் வருஷம் சேருகிற தம்பி, தங்கச்சிகளே, அந்த வகுப்புக்கு நீங்கள் தரவேண்டியது பெயர் ஒன்றுதான். வேதியியலோ வரலாறோ, பாடத்தை உங்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது ஆசிரியர் பட்ட கடன். அதை விடாமல் கேட்டு வாங்குங்க.