முற்றுப்பெறா நூலும் அவையும்

தமிழ் மரபில் அரங்கேற்றம் பெரும்பாலும் முற்றிய நூலுக்குரியது. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதாகப் பாயிரம் சுட்டும். முடியாத வரைவை அவைமுன் வைப்பதோ வேறு செயல்.

புனேயின் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் மகாபாரதச் செம்பதிப்புப் பணியைத் தொடங்கியது. உத்கீகர் பதிப்பித்த விராட பருவத்தை 1923இல் ‘தற்காலிகப் பதிப்பு’ என்றே வெளியிட்டு அறிஞர்தம் கருத்தை வேண்டியது. சுக்தங்கர் 1925இல் பொறுப்பேற்றார். அவர் பதிப்பித்த ஆதிபருவம் 1927 முதல் பகுதி பகுதியாக வந்து 1933இல் நிறைவெய்தியது.

குறையுண்டென அறிந்தே காட்டியவர்மீது அக்குறையைக் குற்றமாகச் சாட்டலாமா? ஆகாது என்பதே எம் கருத்து. எனினும் குறை சுட்டாது புகழ்ந்தனுப்பும் அவையோரும் கடன் தவறியவரே, வேண்டப்பட்டது பாராட்டன்று. திருத்தியவர் உழைப்பு நூலிற் கலந்தபின் அந்நூல் யாருடையது என்பது இதனினும் அரிய வினா. முகவுரையில் பெயர் சுட்டுதல் அக்கடனில் ஒரு பகுதியையே தீர்க்கும்.