கருணையும் விவேகமும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூனைகள் பெருகும்போது, அவற்றைச் சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிடுவது எளிய வழியாகச் சிலருக்குத் தோன்றுகிறது. ‘நாம் கொல்லவில்லையே’ என்று மனம் சமாதானமும் சொல்கிறது. ஆனால் தாயைப் பிரிந்த குட்டிகள் பசியால் மடியும்போது, அது ஹிம்சையன்றி வேறென்ன? காலியான இடத்திற்கு, உணவு நாடி வேறு பூனைகளும் வந்து சேர்கின்றன.

நாள்தோறும் பாலும் சோறும் இடுவதோடு கடமை முடிந்ததெனக் கருதுவதும் முழுமையான தயை ஆகாது. பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 65 நாட்களே. பிறக்கும் குட்டிகளுள் பல, நோய்க்கும் வாகனங்களுக்கும் இரையாகின்றன.

அன்புடன் விவேகம் சேரும்போதே அது தர்மமாகிறது. கருத்தடைச் சிகிச்சையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வித்து, பூனையை அதன் இடத்திலேயே விடுவதும், குறித்த வேளையில் உணவிட்டு அவ்விடத்தைத் தூய்மை செய்வதும் நல்ல நெறி. அண்டை வீட்டாரின் சிரமத்தைப் பொறுமையுடன் கேட்பதும் அக்கருணையின் பகுதியே.

1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நமது அரசியல் சாசனத்தில் இடம்பெற்ற அடிப்படைக் கடமைகளுள் உயிர்களிடத்துக் கருணையும் ஒன்று. எல்லா உயிரிலும் ஈசனைக் காண்க என்கிறது வேதாந்தம். அப்பாடத்தின் பரீட்சை, நம் மாடிப்படியின் கீழ் ஒதுங்கும் ஜீவனிடமே நடைபெறுகிறது.