கதவு திறந்திருந்தால் போதுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை அறியாத வீடு நம்மிடையே இல்லை. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே நல்வழிப்படுத்த வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் சொல்லி வைத்த சொல் இது. அந்த அளவில் நல்ல சொல்தான். ஆனால் இதே சொல் வேறொரு காரியத்துக்கும் பயன்பட்டு வருகிறது. பதினாறு வயதில் படிப்பை விட்ட ஒருவர் முப்பத்தெட்டு வயதில், "மறுபடியும் படிக்கலாம் என்றிருக்கிறேன்" என்று வாய் திறந்தால், அந்த வாயை அடைக்கவும் இந்தப் பழமொழியே முதலில் வருகிறது.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. உரிய காலத்தில் கல்வி கிட்டாமல் போனவருக்குச் சமுதாயம் இன்னும் ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா? அல்லது பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்ததோடு அந்தக் கடன் தீர்ந்து விட்டதா? கடன் உண்டு என்றால் அது எதுவரை செல்லும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க நாடு நீண்ட காலமாகச் செயல் மூலம் விடை தேடி வந்திருக்கிறது. அதன் வெற்றியிலும் பாடம் உண்டு; தோல்வியிலும் பாடம் உண்டு. நாம் இரண்டையும் பார்ப்போம்.

1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் ஒரு சிறு கல்லூரி தொடங்கிற்று. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஊரை விட்டுப் போகாமலே கல்லூரியின் முதல் இரண்டாண்டுப் பாடங்களைப் படிக்கட்டும் என்பதே அன்றைய நோக்கம். ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல், இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டும் என்று பரிந்துரைத்தது. "சமுதாயக் கல்லூரி" என்னும் பெயர் பரவியதும் அதன் பின்னரே. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன.

இவற்றின் இயல்பு என்ன? பொதுவாக இங்கே சேர்வதற்கு மதிப்பெண் போட்டி கிடையாது. பெரிய பல்கலைக்கழகங்களைவிடக் கட்டணம் குறைவு. பகலில் வேலைக்குப் போகிறவர் மாலையில் படிக்கலாம். ஒரு பருவத்தில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக் கொண்டு மெல்ல மெல்லவும் முன்னேறலாம். செவிலியர் பணி, வெல்டிங், வாகனப் பழுது பார்த்தல், கணக்கெழுதுதல் என்று ஊருக்குத் தேவையான தொழில்களைக் கற்கலாம். விரும்பினால் இரண்டாண்டுப் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் மேலே தொடரலாம். பத்தொன்பது வயது இளைஞனும் நாற்பத்தைந்து வயதுத் தாயும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பது அங்கே வியப்புக்குரிய காட்சி அன்று.

வயது முதிர்ந்தவர்க்குப் படிப்பு ஏறாது என்ற எண்ணம் அந்த நாட்டிலும் வலுவாகவே இருந்தது. 1944இல், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு அரசே கல்விச் செலவைத் தரும் சட்டம் வந்தபோது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் போன்ற பேரறிஞர்களே அஞ்சினார்கள். வேலை கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாகக் கல்லூரிகள் ஆகிவிடும் என்று எச்சரித்தார்கள். நடந்தது என்ன? 1947இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் போர்வீரர்களாக இருந்தார்கள். மனைவி மக்களோடு வந்த அவர்கள், இளம் மாணவர்களுக்குச் சற்றும் குறையாமல் படித்துத் தேறினார்கள். ஐம்பதில் வளையாது என்றவர்களுக்கு அவர்களுடைய தேர்ச்சியே விடையாயிற்று.

ஆகவே, "முடியுமா?" என்ற கேள்வி தீர்ந்தது. "வேண்டுமா?" என்ற கேள்வி நிற்கிறது. "அவருக்குத்தான் ஒருமுறை வாய்ப்புக் கொடுத்தாயிற்றே, அதை அவர் நழுவவிட்டால் யார் பொறுப்பு? இருக்கும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடுவதல்லவா முறை?" என்று சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் படிப்பை விட்டவர்கள் எல்லோரும் அதை நழுவ விட்டவர்களா? வாப்பா மவுத்தான மறுமாதமே கடையில் போய் நின்ற மூத்த மகன் நழுவ விட்டவனா? தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்காகச் சபுர் போனவர் நழுவ விட்டவரா? பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தும் நிக்காஹ் முடிந்ததால் புத்தகத்தை மூடி வைத்த பெண் நழுவ விட்டவளா? இவர்கள் தங்கள் வாய்ப்பை மற்றவர்களுக்காக விட்டுக் கொடுத்தவர்கள். அந்தத் தியாகத்தின் பலனை உண்ட குடும்பமும் சமுதாயமும், "உன் காலம் போய்விட்டது" என்று அவர்களிடம் சொல்வது எந்த நீதியில் சேரும்? அவர்கள் கேட்பது சலுகை அன்று. திரும்பி வர வேண்டிய கடன்.

விளையாட்டுத்தனத்தால் படிப்பை விட்டவர்களும் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பதினைந்து வயதில் செய்த பிழைக்கு ஐம்பது வயது வரை தண்டனை விதிக்கும் நீதிமன்றம் எங்கே இருக்கிறது? பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் படிப்புக்கும் பகையும் இல்லை. உம்மா புத்தகத்தைக் கையில் எடுக்கும் வீட்டில் பிள்ளையை அதட்டிப் படிக்க வைக்க வேண்டிய தேவை குறைகிறது.

இதுவரை சொன்னது அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியின் பெருமை. இனி அதன் குறையையும் சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டிலேயே பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியல் அறிஞர் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். இந்தக் கல்லூரிகள் எல்லோரையும் உள்ளே அழைக்கின்றன; பிறகு பலருடைய ஆசையை ஓசைப்படாமல் தணித்து, குறைந்ததைக் கொண்டு மனநிறைவு அடையச் செய்து விடுகின்றன என்பது அவர் கருத்து. வாசலில் திருப்பி அனுப்பினால் கேள்வி எழும். உள்ளே வந்தபின் தானாக விலகிப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

இன்றைய கணக்கும் இதை முற்றிலும் மறுக்கவில்லை. சமுதாயக் கல்லூரியில் சேர்கிறவர்களில் ஆறாண்டுக்குள் ஒரு பட்டமோ சான்றிதழோ பெறுகிறவர்கள் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர்தாம். நீண்ட காலமாக, புதிதாக வந்தவர்களில் பலருக்கு முதலில் ஒரு தேர்வு வைத்து, கணக்கிலும் ஆங்கிலத்திலும் அடிப்படை வகுப்புகளில் உட்கார வைத்தார்கள். அந்த வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அவை பட்டக் கணக்கில் சேரா. கைப்பணமும் கரைந்து மனமும் சோர்ந்து பலர் அங்கேயே நின்று போனார்கள். புளோரிடா மாநிலம் 2013லும் கலிபோர்னியா மாநிலம் 2017லும் சட்டம் இயற்றி இந்த முறையைத் தளர்த்தின.

"பார்த்தீர்களா, அவர்களால் முடியவில்லை" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகள் 2007இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதில் சேர்ந்தவர்கள் முழு நேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்குப் பாடநூல் உதவி, பயணச் சீட்டு, உதவித்தொகை போகப் பாக்கி நிற்கும் கட்டணத்தின் தள்ளுபடி ஆகியவை கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி சந்தித்து நலம் விசாரிக்கும் ஓர் ஆலோசகர் கிடைத்தார். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோது, இந்த உதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றார்கள். வழக்கமான முறையில் படித்தவர்களில் 22 பேரே பெற்றார்கள்.

இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரியான மூளைதான், ஒரே கல்லூரிதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது? பஸ் கட்டணத்திலிருந்தும், புத்தக விலையிலிருந்தும், "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று கேட்ட ஒரு மனிதரிடமிருந்தும் வந்தது. முடியாதவர்கள் என்று எண்ணப்பட்ட எத்தனையோ பேர், துணையில்லாதவர்களாகவே இருந்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும். டென்னசி மாநிலம் 2018 முதல், பட்டம் பெறாத பெரியவர்கள் சமுதாயக் கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்க வழி செய்தது. அது நல்ல ஏற்பாடே. என்றாலும் கட்டணம் ஒன்றுதான் தடை என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த உண்மை நமக்குப் புதியதா? மதீனாவின் பள்ளிவாசலை ஒட்டியிருந்த சுஃப்பா என்னும் திண்ணையை நாம் அறிவோம். அங்கே தங்கிக் கல்வி கற்ற ஏழைத் தோழர்கள் மழலைப் பிள்ளைகள் அல்லர். ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு வந்து சேர்ந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் வளர்ந்த மனிதர். அவர்கள்தாம் பின்னர் மிக அதிகமான நபிமொழிகளை அறிவித்தவர்கள் ஆனார்கள். அந்தத் திண்ணையில் கல்வி மட்டுமா கிடைத்தது? அங்கிருந்தவர்களின் பசியையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கவனித்தார்கள். வசதியுள்ள தோழர்கள் அவர்களைத் தம் வீட்டுக்கு விருந்தாளிகளாக அழைத்துப் போனார்கள். கற்க வந்தவரின் வயிறும் கற்பிக்கும் சமுதாயத்தின் பொறுப்பே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் கதவுகள் இல்லாமல் இல்லை. 1996இல் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் முயற்சியால் சென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரி தோன்றிற்று. அதன்பின் வேறு பலவும் எழுந்தன. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பள்ளியை இடையில் விட்டவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். வழி அடைபட்டிருக்கவில்லை.

ஆனால் அந்த வழியில் நடப்பவருக்குத் துணை யார்? அதுதான் நம் வீடுகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வளைகுடாவிலிருந்து திரும்பிய அண்ணன் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது நாம் சிரிக்காமல் இருக்கிறோமா? மருமகள் வகுப்புக்குப் போகும் இரண்டு மணி நேரம் அவளுடைய குழந்தையை மாமியார் மடியில் வாங்கிக் கொள்கிறாரா? கந்தூரிக்கும் விருந்துக்கும் பணம் திரட்டும் ஜமாஅத், தன் மஹல்லாவில் படிப்புக்குத் திரும்பியவர் யார், அவருக்குப் பஸ் கட்டணம் இருக்கிறதா என்று விசாரித்ததுண்டா? முதல் தேர்வில் ஒருவர் தவறிவிட்டால், "அப்போதே சொன்னேனே" என்போமா, "அடுத்த தடவை பார்த்துக் கொள்ளலாம்" என்போமா?

கதவைத் திறந்து வைப்பது கடமையின் தொடக்கம். உள்ளே வந்தவர் படித்து முடித்து வெளியேறும்வரை உடன் நிற்பதே கடமையின் நிறைவு. கல்லூரிகள் தம் பங்கைச் செய்யட்டும். அரசுகள் தம் பங்கைச் செய்யட்டும். கூடத்து விளக்கை இன்னும் ஒரு மணி நேரம் எரியவிட்டு, படிக்கிறவர் அருகில் ஒரு கோப்பைத் தேநீரைச் சத்தமின்றி வைத்துவிட்டுப் போகும் பங்கு நம்முடையது. அதை இன்றிரவே தொடங்கலாம்.