கூரையில்லாதவருக்கு வெயிலில் பங்கு உண்டா?

மாதம் பிறந்ததும் கரண்டு பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடாத கடைக்காரர் நம்மில் ஒருவரும் இரார். வாடகையைப் பேசிக் குறைக்கலாம். சரக்கையும் பேசி வாங்கலாம். கரண்டு விஷயத்தில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. வந்த தொகையைக் கட்ட வேண்டியதுதான். நமது மளிகைக் கடையில் மூன்று ஐஸ்பெட்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கல்லாவில் விழுவதில் ஒரு பகுதி அவற்றின் வயிற்றுக்கே போகிறது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம் கடைக்குப் பின் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், கணக்கில் வாங்கினாலும் மாதக் கடைசியில் தவறாமல் தீர்த்துவிடுவார். 2021-ஆம் ஆண்டு தம் சேமிப்பை எடுத்து வீட்டுக் கூரை மேல் சூரியத் தகடுகளைப் பதித்தார். அதன் பின் அவருடைய பில் மிகவும் சுருங்கிவிட்டது. ஒரு நாள் சாமான் வாங்க வந்தவர், "பாய், நீங்களும் போட்டுக் கொள்ளுங்களேன். வெயில் சும்மாதானே காய்கிறது?" என்றார்.

"சார், உங்கள் தலைக்கு மேல் இருப்பது கூரை. எங்கள் தலைக்கு மேல் இருப்பது மாடிக்காரர் வீட்டுத் தரை. அதற்கும் மேலே உள்ள கூரை கட்டடச் சொந்தக்காரருடையது. நாங்கள் எங்கே போய்ப் போடுவது?" என்றோம்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வணிகச் சகோதரர்களில் பெரும்பாலோர் வாடகைக் கடைவீட்டில் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள். வெயில் அஞ்சடி வரை வந்து நிற்கிறது, கடைக்குள் வருவதில்லை. அப்படியானால் வெயிலில் பங்கு கூரை உள்ளவருக்கு மட்டுந்தானா? இதை யோசிக்கத் தொடங்கியதில் ஒன்றன் பின் ஒன்றாகப் பல கேள்விகள் எழுந்தன.

முதலில் ஆசிரியரின் கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் 2019 ஜனவரி முதல் இருந்த ஏற்பாட்டின்படி, கூரைக்காரர் பகலில் மிச்சமாகும் கரண்டைப் பொதுக் கம்பிக்குள் அனுப்பினால், அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு யூனிட் அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பகலில் பத்துக் கொடுத்து இரவில் பத்து எடுத்தால் கணக்கு நேர். ஆசிரியர் சேர்ந்த திட்டம் 2025 ஜூன் 30-இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. முன்பே சேர்ந்தவர்களுக்குப் பத்து வருஷ ஏற்பாடு இன்னும் ஓடுகிறது.

வியாபாரக் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு சங்கதி உண்டு. பகலில் போட்ட பத்து யூனிட்டை அவர் எங்கே வைத்திருந்தார்? பொதுக் கம்பியில். ஒருவர் காலையில் பத்து மூட்டை அரிசியை நம் கித்தங்கியில் இறக்கிவிட்டு இரவில் பத்து மூட்டையை ஏற்றிக் கொண்டு, "கொடுத்ததும் பத்து, எடுத்ததும் பத்து, கணக்குத் தீர்ந்தது" என்று போனால் நாம் சும்மா விடுவோமா? கித்தங்கிக் கூலி, காவற்காரர் சம்பளம், கூரை ஒழுகினால் பழுது பார்க்கும் செலவு இவையெல்லாம் யார் தலையில் விழும்? தினமும் வாங்க வருகிறவர் தலையில்தான்.

இது கற்பனைக் கணக்கல்ல. 2025 ஜூலை முதல் மலேசிய பில்லில் கட்டணத்தைப் பிரித்துக் காட்டுகிறார்கள். அன்று அறிவித்தபடி, மாதம் 1500 யூனிட் வரை உபயோகிக்கும் வீட்டுக்கு ஒரு யூனிட் கரண்டுக்கு 27.03 காசு, உற்பத்தி நிலையங்கள் தயாராக நிற்பதற்கு 4.55 காசு, கம்பிக்கு 12.85 காசு. கூட்டினால் 44.43 காசு. சில்லறைக் கட்டணமும் தள்ளுபடிகளும் வேறு. ஆக, இந்தக் கூட்டுத் தொகையில் கால் பங்குக்கு மேல் கம்பிக்கே போகிறது. முன்பெல்லாம் இது மொத்த விலைக்குள் மறைந்திருந்தது. பிரித்துக் காட்டியது நல்ல காரியம். சில்லறைக் கடையில்கூடப் பில்லைப் பிரித்து எழுதினால்தான் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

இதை ஆசிரியரிடம் சொன்னோம். சொன்ன விதம் சரியில்லையோ என்னவோ, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன திருடினேனா, பாய்? என் ஓய்வூதியப் பணத்தைப் போட்டேன். நண்பகலில் ஊரெல்லாம் குளிர்சாதனம் ஓடும்போது என் கூரையிலிருந்து கரண்டு போகிறது. அந்த அளவுக்கு நிலக்கரியும் வாயுவும் எரியாமல் மிச்சம். அதற்கு யார் எனக்குக் கூலி கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனவர் இரண்டு வாரம் கடைப் பக்கம் வரவில்லை.

அவர் சொன்னதும் நியாயமே. அவர் திருடவில்லை, சட்டம் கொடுத்ததை எடுத்துக் கொண்டார். அவருடைய தகட்டால் ஊருக்கு நன்மையும் உண்டு. ஆனாலும் கித்தங்கிக் கூலி தீரவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கும்போது யாரைக் குறை கூறுவது? ஆளைக் குறை கூறாமல் ஏற்பாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

நீர், புல், நெருப்பு இம்மூன்றிலும் மனிதர் கூட்டாளிகள் என்ற கருத்துள்ள நபிமொழியை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அதை வைத்துக் கொண்டு, கரண்டு எல்லார்க்கும் பொது என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் உஸ்தாதுமார்கள் அத்தோடு நிறுத்தவில்லை. ஆற்றில் ஓடும் நீர் பொது; ஒருவர் தம் குடத்தில் மொண்டு வந்த நீர் அவருடையது என்றும் கற்பித்தார்கள். குடத்துக்கு விலை உண்டு, சுமந்து வந்த உழைப்புக்கும் கூலி உண்டு. வெயில் ஆறு, தகடு குடம். ஆகவே ஆசிரியரின் தகட்டில் விழுந்து கரண்டானது அவருடையதே. அதில் நமக்கு வழக்கில்லை.

கம்பி என்ன? அது ஆறுமல்ல, குடமுமல்ல. ஆற்றுக்குப் போகும் பாதை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. பாதையை ஒருவர் தமக்கென்று வேலி போட்டுக் கொள்ளவும் கூடாது. நடப்பவர்கள் அதைச் செப்பனிடும் செலவிலிருந்து நழுவவும் கூடாது.

இந்தப் பாதை எப்படி உண்டாயிற்று என்பதையும் நினைக்க வேண்டும். மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பரில் அமைந்தது, 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது, 1990-இல் கம்பெனியாக்கப்பட்டது. இன்றும் தீபகற்பத்தில் குக்கிராமத்து வீட்டுக்கும் கோலாலம்பூர் வீட்டுக்கும் ஒரே விகிதந்தான். பத்து வீட்டுக்காக நெடுந்தூரம் இழுத்த கம்பியின் செலவு அந்தப் பத்து வீட்டார் தலையில் மட்டும் விழுந்திருந்தால் அங்கே விளக்கு எரிந்திராது. அமெரிக்காவில் 1930-களில் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்டு இருந்தது. தனியார் கம்பெனிகள், "இலாபம் வராது" என்று கம்பி இழுக்க மறுத்தன. 1935-இல் அரசாங்கம் கடன் கொடுக்கத் துணிந்த பின் விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கம்பி இழுத்துக் கொண்டார்கள். அச்சங்கங்களில் பல இன்றும் நடக்கின்றன.

சிங்கப்பூர்ச் சகோதரர்கள், "எங்கள் ஊரில் இஷ்டப்பட்ட வியாபாரியிடம் கரண்டு வாங்கலாமே" என்பார்கள். உண்மை. 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் தொடங்கி 2019-க்குள் தீவு முழுதும் அந்தச் சந்தையைத் திறந்தார்கள். கம்பி ஒருவர் கையில், விற்பனை பலர் கையில். 2021 கடைசியில் வாயு விலை ஏறியபோது அந்த வியாபாரிகளில் சிலர் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள். கையில் சரக்கில்லாமல் குறைந்த விலையை ஒப்புக் கொண்டவர், கொள்முதல் விலை ஏறினால் என்ன செய்வார்? இல்லாத சரக்கை விற்காதே என்று நமக்குச் சொல்லி வைத்ததன் அருமை இப்படிப்பட்ட வேளையில்தான் தெரிகிறது. விற்பவரை மாற்றிக் கொள்ளும் உரிமை நல்லதுதான். ஆனால் அது வாங்குகிறவருடைய உரிமை, சொந்தக்காரருடைய உரிமையல்ல. அதே ஊரில் அடுக்கு வீட்டுக் கூரைகளில் 2014 முதல் ஒரு திட்டமாகத் தகடுகள் வைத்து வருகிறார்கள். அக்கரண்டில் மின்தூக்கி ஓடுகிறது, நடைபாதை விளக்கு எரிகிறது. சொந்தக் கூரையில்லாதவரும் பயன் பெறுவதால் அதைப் பாராட்டுகிறோம். இருந்தாலும் அனுபவம் வேறு, பாத்தியதை வேறு. அங்கே குடியிருப்பவர் கையில் பங்குச் சீட்டு இல்லை.

பங்குச் சீட்டு என்றதும் குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள டுண்டி என்ற சிற்றூர் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆறு விவசாயிகள் டீசல் எந்திரத்தால் நீர் இறைத்து வந்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு அவர்கள் சூரியத் தகட்டால் ஓடும் எந்திரங்களுக்கு மாறி, 2016-இல் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். நீர் இறைத்தது போக மிச்சக் கரண்டையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் பொதுக் கம்பிக்கு விற்றார்கள். விநியோகக் கம்பெனி யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதியது. பணம் சங்கத்துக்கு வரும். அவரவர் கொடுத்த அளவுப்படி சங்கம் பங்கிடும். மலிவுக் கரண்டு இணைப்புக் கேட்கும் உரிமையை அதற்குப் பதிலாக அவர்கள் விட்டுக் கொடுத்தார்கள். இதில் ஒரு நுட்பம் பாருங்கள். கரண்டு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் விவசாயி தேவைக்கு மேலும் நீர் இறைப்பார். இறைக்காமல் விட்டால் அக்கரண்டு காசாகும் என்று தெரிந்ததும் நிலத்தடி நீரும் மிச்சமாகிறது. குஜராத் அரசாங்கமே 2018-இல் இக்கருத்தை ஒட்டி ஒரு பெரிய திட்டம் அறிவித்தது.

கேடா என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1946-இல் பால்காரர்கள் சங்கம் வைத்து, பின்னால் அமுல் என்று பெயர் பெற்றது அந்த மாவட்டத்தில்தான். பாலைக் கூட்டாக விற்றுப் பழகிய மண்ணில் வெயிலையும் கூட்டாக விற்பது எளிதாயிற்று போலும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. டுண்டியில் தகட்டுச் செலவின் பெரும்பகுதியை அந்த நிறுவனந்தான் போட்டது. விவசாயிகள் போட்டது சிறு தொகை. யாரும் கைகொடுக்காத இடத்தில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டோம்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் வந்தார். கையில் ஒரு தாள். நம் கடை வரிசையின் கூரையைத் தூரத்திலிருந்து கண்ணளவாகப் பார்த்து, எத்தனை தகடு கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் கொண்டு வந்திருந்தார். கோபம் தீர்ந்ததற்கு அதுவே அடையாளம் என்று தேநீர் வரவழைத்தோம். எட்டுக் கடைகள், ஒரே கூரை, ஒரே சொந்தக்காரர். எட்டுப் பேரும் சேர்ந்து தகடு போட்டு, கம்பிக்குரிய கூலியை ஒழுங்காகக் கட்டி, கிடைக்கும் கரண்டை எட்டு மீட்டரிலும் பங்குப்படி கழித்துக் கொள்ள விதி இடம் தர வேண்டும். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான். இலவசம் கேட்கவில்லை; கூலி கொடுத்து நடக்கப் பாதை கேட்கிறோம்.

சீனர் இரும்புக் கடைக்காரர் உடனே சரி என்றார். முடி திருத்துகிறவர் யோசிக்கிறேன் என்றார். கோடிக் கடைத் தையற்காரர்தான் நம்மை மடக்கினார். "பாய், உங்களுக்கு மூன்று ஐஸ்பெட்டி. எனக்கு இரண்டு மிஷின், ஒரு காற்றாடி. போட்ட பணத்துக்குப் பங்கு என்றால் நீங்களும் இரும்புக் கடைக்காரரும் கூரையை எடுத்துக் கொள்வீர்கள். எனக்கு மிஞ்சுவது ஓரம். ஆளுக்குச் சமபங்கு என்றால் என் பங்குப் பணத்துக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

பதில் சொல்ல வாய் எழவில்லை. கூரையில்லாதவன் என்று ஆசிரியரிடம் வழக்காடிய நாமே தையற்காரர் முன் கூரைக்காரர் ஆகிவிட்டோம். கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு கூடினாலும் குறைந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது விதி. வாக்குச் சமமாக இருந்து வருமானம் சமமாக இல்லாவிட்டால் அவருக்கு என்ன இலாபம்? அவருடைய பங்கை நாம் முன்பணமாகப் போட்டு, அவர் பில்லில் மிச்சமாவதிலிருந்து மாதாமாதம் எடுத்துக் கொள்ளலாம் என்று இரும்புக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். வட்டியில்லாமல் என்றால் நாம் சம்மதம் என்றோம். தையற்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. கடன்பட்ட பங்காளி வாய் திறந்து பேச முடியுமா என்பது அவர் கவலை. நம்மவர் கூட்டு வியாபாரங்களில் நடந்ததையெல்லாம் பார்த்தவருக்கு அந்தக் கவலை வருவது இயல்பே. கணக்கு எழுதாமல் முகத் தாட்சண்யத்தில் நடத்தி முறிந்த கூட்டுகள் எத்தனை!

ஆகையால் முதலில் ஒரு பேரேடு வாங்கி வைத்திருக்கிறோம். யார் என்ன போட்டது, யாருக்கு என்ன வந்தது என்பதை எட்டுப் பேரும் எப்பொழுதும் புரட்டிப் பார்க்கும்படி அது இரும்புக் கடைக் கல்லாவின் மேல் கிடக்கும். கட்டடச் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கூரை ஒழுகினால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். நாங்கள் எட்டுப் பேரும் என்றோம். எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார். எழுதிக் கொண்டிருக்கிறோம், தையற்காரர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.